அப்பா எழுதிய மேல் கமா

என் அப்பா பலகை எழுதுபவர். 1980களில் சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு பழைய கடைவீட்டின் ஐந்தடி நடைபாதையில் அவருக்கு ஒரு பட்டறை இருந்தது. சுவரில் சாய்த்து வைத்த பலகைகள், எனாமல் பெயின்ட் டின்கள், தூரிகைகளை ஊறவைக்க ஒரு பால் டின், கோடு போடச் சுண்ணாம்புத்தூள் தடவிய நூல். அவ்வளவுதான் பட்டறை. பள்ளி விட்டதும் நான் நேராக அங்கேதான் போவேன். கவிழ்த்துப் போட்ட டின் ஒன்றின்மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். டர்பன்டைன் வாசனை வந்தால் இன்றும் எனக்கு வீடு ஞாபகம் வருகிறது.

அப்பா பட்டுக்கோட்டைப் பக்கத்து ஊர் ஒன்றில் நான்காம் வகுப்புவரை படித்தவர். ஆங்கிலத்தின் 26 எழுத்துகளையும் உருவமாக அறிவார். சொல்லாகச் சேர்த்து வாசிக்கத் தெரியாது. கடைக்காரர்கள் ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். அப்பா நூல் அடித்துக் கோடு போட்டு, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் விடுவது என்று கண்ணாலேயே அளந்து, பலகையில் இறக்குவார். அவர் எழுதிய எஸ் போல ஓர் எஸ்ஸை நான் எந்தக் கணினி எழுத்துருவிலும் பார்த்ததில்லை.

நான் தொடக்கப்பள்ளி ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது தையல்கடைக்காரர் ஒருவர் பலகை எழுதக் கொடுத்தார். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து. லேடீஸ் டெய்லர். எல், ஏ, டி, ஐ, ஈ, அதற்கு மேலே ஒரு குறி, அப்புறம் எஸ். அப்பா அந்தக் குறியை மேல் கமா என்றுதான் சொல்வார். ஆங்கிலத்தில் அப்பாஸ்ட்ரபி. பலகையை மாட்டி மூன்று நாள்கூட ஆகவில்லை, கடைக்காரர் திரும்பி வந்தார்.

“அண்ணே, எழுத்து அழகா இருக்கு. ஆனா தப்புன்னு சொல்றாங்க. என் பொண்ணோட கூடப் படிக்கிற பிள்ளைங்க பார்த்துட்டுச் சிரிச்சிருக்கு. மேல இருக்கிற கமா இடம் மாறிப்போச்சாம்.”

“நீங்க சீட்டுல எழுதினபடிதானே போட்டேன், அண்ணே.”

சீட்டு எங்கே போனதென்று தெரியவில்லை. அப்பா பலகையைக் கழற்றிக்கொண்டு வந்து, பாதிச் சொல்லை மஞ்சளால் மூடி, காயவைத்து, மறுபடி எழுதினார். ஒரு நாள் வேலைக்குக் கூலி இல்லை. அவர் கோபப்படவில்லை. என்னைப் பார்த்து, “பாப்பா, இந்த மேல் கமா எங்க வரணும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. “நாளைக்கு டீச்சர்கிட்டக் கேட்டுட்டு வா” என்றார்.

இந்தக் கட்டுரையில் ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். குறி மட்டும் அதனதன் இடத்தில் நிற்கும். எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே வாருங்கள், மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

எங்கள் ஆங்கில ஆசிரியை என்னைக் கரும்பலகை முன்னால் நிறுத்தி அந்தச் சொல்லைத் தவறாகவே எழுதச் சொன்னார். எழுதினேன். குறியிலிருந்து வலப்பக்கம் முழுவதையும் தம் கட்டைவிரலால் மூடினார். “இப்போது படி. இதுதான் அந்தக் கடைக்கு உரியவர் பெயர்.” எல், ஏ, டி, ஐ, ஈ. அப்படி ஆங்கிலத்தில் ஒரு சொல்லே கிடையாது. “கடை யாருக்காக?” பெண்களுக்காக. “பெண்கள் என்பதை முழுதாக எழுது.” எல், ஏ, டி, ஐ, ஈ, எஸ். “எழுதி முடித்துவிட்டாயா? இப்போது குறியைப் போடு.” லேடீஸ்’ டெய்லர். கடைசியில் ஏற்கெனவே எஸ் இருப்பதால் இன்னொரு எஸ் வேண்டாம் என்றார். ஆண்கள் என்றால் மென், அதில் எஸ் இல்லை. அதனால் குறி போட்டு எஸ் சேர்க்க வேண்டும். மென்’ஸ் டெய்லர்.

சாயங்காலம் அப்பாவிடம் அப்படியே செய்து காட்டினேன். பெயின்ட் படிந்த தம் கட்டைவிரலால் அவரும் மூடிப் பார்த்தார்.

“இப்படி ஒரு வார்த்தை இல்லவே இல்லையா?”

“இல்லப்பா.”

“அப்ப நாம வார்த்தையை நடுவுல வெட்டிட்டோம்.”

அன்றிலிருந்து மேல் கமா உள்ள சீட்டு எது வந்தாலும் எழுதுவதற்கு முன் என்னைக் கூப்பிடுவார். கேட்பது ஒரே கேள்விதான்: “யாரோடது இது?” நான் பதில் சொல்வேன். அந்தப் பதிலை முழுதாக எழுதி, அதை ஒட்டினாற்போல் குறியைப் போடுவார். உடைமையைப் பொறுத்தவரை ஆங்கில இலக்கணப் புத்தகங்கள் பல பக்கங்களில் சொல்லுவது இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகிறது. இத்தனை வருடம் அலுவலகக் கடிதங்கள் எழுதியும் நான் இதைவிட நல்ல வழி எதையும் கண்டதில்லை.

நமக்கு இது ஏன் கடினமாக இருக்கிறது என்று நிறைய யோசித்திருக்கிறேன். தமிழில் ஆறாம் வேற்றுமை இருக்கிறது: ராமனது வீடு, ராமனுடைய வீடு. ஆனால் பேச்சில் உருபைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். ராமன் வீடு, பள்ளிக்கூட மணி, மர நிழல். உருபு மறைந்து நிற்பதை நம் இலக்கணம் தொகை என்று அழகாக ஏற்றுக்கொள்கிறது. சிங்கப்பூரில் நம் ஆட்களின் அடையாள அட்டையில் எஸ், நடுவில் சாய்கோடு, ஓ என்று போட்டு அப்பா பெயரைச் சேர்த்திருப்பார்கள், இன்னாரின் மகன் என்ற பொருளில். தமிழில் ‘ராமன் மகன் முத்து’ என்றால் முடிந்தது. ஒரு குறியும் வேண்டாம்.

அதோடு எண்ணிக்கையையும் நாம் சொல்லாமல் விடலாம். ஆசிரியர் தினம் என்கிறோம். ஓர் ஆசிரியரா, பல ஆசிரியர்களா? தமிழ்ச் சொல் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. மரியாதையும் பன்மையும் ஒரே ‘அர்’ விகுதியில் ஒதுங்கிக்கொள்கின்றன. ஆங்கிலம் அப்படி விடாது. டீச்சர்’ஸ் என்றால் ஒருவர், டீச்சர்ஸ்’ என்றால் பலர். காதில் இரண்டும் ஒன்றுபோலவே விழும். கண்ணுக்கு மட்டும்தான் வித்தியாசம். குறியைப் போடும் முன் எத்தனை பேர் என்று எண்ணியாக வேண்டும். நம் பிள்ளைகள் தடுமாறுவது இந்த எண்ணிக்கையில்தான் என்று நினைக்கிறேன். 2011 முதல் நம் பள்ளிகளில் செப்டம்பர் மாத முதல் வெள்ளிக்கிழமை வருகிறதே அந்த நாள், அது எல்லா ஆசிரியர்களுக்கும் உரியது. ஆகவே டீச்சர்ஸ்’ டே. ஆனால் ஒரு பிள்ளை தன் ஒரே ஆசிரியைக்குக் கொடுக்கும் பரிசு, டீச்சர்’ஸ் கிஃப்ட்.

அன்னையர் தினத்துக்கு நேர்மாறான கதை உண்டு. தமிழில் அன்னையர் என்று பன்மையில் சொல்கிறோம். அமெரிக்காவில் அந்த நாளுக்காகப் பாடுபட்ட அன்னா ஜார்விஸ், குறி எஸ்ஸுக்கு முன்னால்தான் வர வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். மதர்’ஸ் டே. உலகத்துத் தாய்மார்களைப் பொதுவாகப் போற்றும் நாளாக அவர் அதை நினைக்கவில்லை. ஒவ்வொரு குடும்பமும் தன் ஒரே அம்மாவைப் போற்ற வேண்டும் என்றார். 1914இல் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் அதைத் தேசிய நாளாக அறிவித்தபோதும் ஒருமையே நின்றது. ஒரு பெண்மணி தம் மனத்தில் இருந்ததை அந்தச் சின்னக் குறியின் இடத்தில் வைத்துக் காத்திருக்கிறார். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் நெகிழ்ச்சியாக இருக்கும்.

சிங்கப்பூரில் இதைக் கற்றுக்கொள்ளப் பாடப்புத்தகமே வேண்டாம். தெருவில் நடந்தால் போதும். 1957இல் டேவிட் மார்ஷல் தொடங்கிய பாட்டாளிக் கட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பெயரில் பாட்டாளி என்று ஒருமைபோல இருக்கிறது. ஆங்கிலத்தில் வொர்க்கர்ஸ்’ பார்ட்டி. பாட்டாளிகள் பலர், சொல் எஸ்ஸில் முடிகிறது, குறி அதற்குப் பின்னால். 1960இல் அமைந்த மக்கள் கழகமோ பீப்பிள்’ஸ் அசோசியேஷன். மக்கள் என்பதும் பலர்தானே, இங்கே மட்டும் குறி ஏன் முன்னால் வருகிறது? பீப்பிள் என்ற சொல் எஸ் இல்லாமலேயே பன்மை. கட்டைவிரலால் மூடிப் பாருங்கள், பீப்பிள் என்று முழுச் சொல் நிற்கும். பீப்பிள்ஸ்’ என்று எழுதினால் பல இனங்களின் மக்கள் என்று பொருள் வேறு எங்கோ போய்விடும். நம் அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்தில் முன்பு இருந்த வசிப்போர் குழு ரெசிடென்ட்ஸ்’ கமிட்டி. 1961இல் வந்த மாதர் சாசனம் வுமென்’ஸ் சார்ட்டர். பிரதமர் ஒருவரே, அதனால் பிரைம் மினிஸ்டர்’ஸ் ஆஃபிஸ். கேகே மருத்துவமனையின் பெயரில் இரண்டு குறிகள்: வுமென்’ஸ் அண்ட் சில்ட்ரன்’ஸ். இரண்டுமே எஸ் இல்லாத பன்மை. என் மகள் பிறந்தது அங்கேதான். வலி எடுத்து உள்ளே போகும்போதுகூட அந்தப் பெயரில் இரண்டு குறிகளும் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்தேன். இருந்தன.

பெண்கள் பள்ளிகள் பலவும் கேர்ள்ஸ்’ ஸ்கூல். ராஃபிள்ஸ் கேர்ள்ஸ்’ ஸ்கூல் என்பதில் ராஃபிள்ஸுக்குக் குறி கிடையாது, அது ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ் என்ற மனிதரின் பெயர். எஸ் பெயரோடு பிறந்தது. ராஃபிள்ஸ் பிளேஸும் அப்படித்தான். எஸ்ஸில் முடியும் பெயருக்கு உடைமை காட்ட வேண்டுமானால் ஜேம்ஸ்’ என்றும் எழுதுகிறார்கள், ஜேம்ஸ்’ஸ் என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் செல்லும். ஒரு கடிதத்துக்குள் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

சரி, இந்தக் குறி எங்கிருந்து வந்தது? இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு இதன்மேல் உண்மையான பிரியம் வந்தது.

உயர்நிலைப் பள்ளித் தமிழ் வகுப்பில் நன்னூல் சூத்திரம் ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள்: ‘உயிர்வரின் உக்குறள் மெய்விட்டு ஓடும்’. காசு, இல்லை. இரண்டும் சேரும்போது காசு என்பதன் கடைசி உகரம் மெய்யை விட்டு ஓடிவிடுகிறது. காசில்லை. ஓடியதற்குத் தமிழில் தடயமே இருக்காது. அடுத்த உயிர் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். கிரேக்கர்களுக்கும் இதே பிரச்சினை இருந்தது. சொல்லின் கடைசி உயிர், அடுத்த சொல்லின் முதல் உயிரைக் கண்டால் விழுந்துவிடும். அவர்கள் விழுந்த இடத்தில் ஒரு குறி வைத்தார்கள். அப்பாஸ்ட்ரபி என்ற பெயருக்கே ‘விலகித் திரும்புதல்’ என்றுதான் கிரேக்கத்தில் வேர்ப்பொருள். 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அச்சுக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது.

ஆக அடிப்படையில் இது ஓடிப்போன எழுத்தின் காலடித்தடம். டூ நாட் என்பது சுருங்கும்போது ஓடுவது நாட் என்பதில் உள்ள ஓ. அந்த ஓ இருந்த இடம் என்னுக்கும் டிக்கும் நடுவே. அதனால் டோன்’ட். இதை டோ’ன்ட் என்று எழுதுபவர்கள் இரண்டு சொற்கள் ஒட்டிய இடத்தில் குறியை வைக்கிறார்கள். ஒட்டிய இடத்தில் எதுவும் தொலையவில்லை. தொலைந்த இடத்தில்தான் வைக்க வேண்டும். ஐ ஆம் என்பது ஐ’ம், ஏ ஓடியது. தே ஆர் என்பது தே’ர், அங்கேயும் ஏதான். லெட் அஸ் என்பது லெட்’ஸ், யூ ஓடியது. மணி சொல்லும் ஓ’கிளாக்கில் ஆஃப் த கிளாக் என்ற முழுத்தொடர் ஒளிந்திருக்கிறது. ஷால் நாட் சுருங்கி ஷான்’ட் ஆகும்போது இரண்டு இடங்களில் எழுத்து போகிறது. முன்பு இரண்டு குறி போட்டும் எழுதினார்கள், இப்போது ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். உடைமைக்கு வரும் குறியும் இதே குறிதான், இதே காரணத்தால்தான் வந்தது. பழைய ஆங்கிலத்தில் பல பெயர்ச்சொற்களுக்கு உடைமை விகுதி ஈ, எஸ் என்ற இரண்டு எழுத்து. அரசனுடைய என்பதைக் கிங்கெஸ் என்பதுபோலச் சொன்னார்கள். காலப்போக்கில் பேச்சில் அந்த ஈ மங்கி விழுந்தது. விழுந்த இடத்தில் குறி வைத்தார்கள். கிங்’ஸ். இடையில் சிலர் இது ‘கிங் ஹிஸ்’ என்பதன் சுருக்கம் என்று நம்பி, அரசன் அவன் புத்தகம் என்ற தொனியில்கூட எழுதியிருக்கிறார்கள். அரசிக்கு அது எப்படிப் பொருந்தும்? பொருந்தாது. அது பிறகு வந்த நம்பிக்கை. 18ஆம் நூற்றாண்டு வாக்கில் ஒருமை உடைமைக்குக் குறி போடுவது நிலைத்தது. பன்மையில் எஸ்ஸுக்குப் பின்னால் போடும் வழக்கம் அதற்கும் பின்னால் வந்து சேர்ந்தது.

இவ்வளவு சொன்ன பிறகு இட்ஸ் விஷயத்தைத் தாண்டிப் போக முடியாது. அதிகம் பேர் தவறுவது இதில்தான்; ஐந்தாம் வகுப்பு மாணவனும் தவறுகிறான், மேலாளரும் தவறுகிறார். இட்’ஸ் என்று குறியோடு எழுதினால் இட் இஸ், அல்லது இட் ஹேஸ். குறி இல்லாமல் இட்ஸ் என்றால் அதனுடைய. உடைமை என்றால் குறி வேண்டுமே என்று மனம் சொல்கிறது, அந்த நியாயம் தவறில்லை. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயர்களே உடைமைக்குக் குறியோடு எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். பிறகு ஹிஸ், ஹெர்ஸ், அவர்ஸ், யுவர்ஸ், தேர்ஸ் என்ற குடும்பத்தோடு இதையும் சேர்த்துவிட்டார்கள். அந்தக் குடும்பத்தில் யாருக்கும் குறி கிடையாது. அவனுடைய என்னும் ஹிஸ்ஸுக்கு நாம் ஒருநாளும் குறி போட மாட்டோமே, அதை நினைத்துக்கொண்டால் போதும்.

இங்கே தமிழ் தெரிந்தவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்கு இது கிடைக்காது. வாக்கியத்தை மனத்துக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘அதன்’ என்று வந்தால் குறி வேண்டாம். ‘அது’ என்று வந்தால் குறி வேண்டும். பூனை அதன் வாலை ஆட்டுகிறது: இட்ஸ் டெயில். அது மழைநாள்: இட்’ஸ் அ ரெய்னி டே. அதேபோல் ‘உன்’ என்றால் யுவர், ‘நீ’ என்றால் யூ’ர். ‘யாருடைய’ என்றால் ஹூஸ், அதில் குறி கிடையாது. ‘யார்’ என்றால் ஹூ’ஸ். ஆங்கிலத்தில் ஒரே ஓசையாகக் கேட்பவை தமிழில் வேறு வேறு சொற்களாகப் பிரிந்து நிற்கின்றன. என் மகளுக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். பள்ளியின் ஆங்கிலத் தாளில் பிழைதிருத்தும் பகுதி வந்தால் அவள் உதடு தமிழில் முணுமுணுக்கும். தாய்மொழி ஆங்கிலத்தைக் கெடுத்துவிடும் என்று பயப்படும் பெற்றோரைப் பார்க்கும்போதெல்லாம் இதைச் சொல்லத் தோன்றும்.

நான் ஒரு நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கடிதம், படிவம், அறிவிப்பு எல்லாம் என் மேசையிலிருந்து போகும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் விடுப்புப் படிவம் ஒன்றைத் தட்டச்சு செய்தேன். கீழே கையெழுத்துப் போடும் இடத்தில் சூப்பர்வைசர்ஸ்’ என்று எஸ்ஸுக்குப் பின்னால் குறி விழுந்துவிட்டது. ஒரே ஒரு மேற்பார்வையாளர் கையெழுத்துப் போதும். தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த ஒரு தம்பி, ஆங்கிலத்தைப் பள்ளியில் கவனமாகப் படித்தவர், அதைப் பன்மையாக எடுத்துக்கொண்டார். பகல் மேற்பார்வையாளரிடம் ஒரு கையெழுத்து வாங்கிவிட்டு, இரவு வேலைக்கு வரும் இன்னொருவருக்காகத் தூங்காமல் காத்திருந்திருக்கிறார். ஊரில் அவர் தங்கைக்கு நிச்சயதார்த்தம். மறுநாள் படிவத்தை நீட்டி, “ரெண்டு பேர்கிட்டயும் வாங்கிட்டேன், அக்கா” என்றபோதுதான் எனக்கு விளங்கியது. அவர் சரியாகப் படித்தார். நான்தான் தவறாக எழுதியிருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். அப்பாவிடம் சொன்னேன். “யாரோடதுன்னு கேட்டியாம்மா?” என்றார். கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வேலைநீக்க அறிவிப்பு, ராஜினாமா போன்ற கடிதங்களில் நான் மிகவும் கவனமாக இருக்கிறேன். காலத்தைச் சொல்லும்போதும் ஆங்கிலத்தில் உடைமைக்குறி வரும், இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. ஒப்பந்தத்தில் வேறு எதுவும் சொல்லாவிட்டால் நம் வேலை நியமனச் சட்டப்படி 26 வாரத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஒரு நாள் முன்னறிவிப்பு: ஒன் டே’ஸ் நோட்டிஸ். இரண்டு வருடத்துக்குள் என்றால் ஒரு வாரம்: ஒன் வீக்’ஸ் நோட்டிஸ். இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் இரண்டு வாரம்: டூ வீக்ஸ்’ நோட்டிஸ். ஐந்து வருடமோ அதற்கு மேலோ என்றால் நான்கு வாரம்: ஃபோர் வீக்ஸ்’ நோட்டிஸ். ஒன்று என்றால் குறி முன்னால், ஒன்றுக்கு மேல் என்றால் பின்னால்.

ஒரு குறி இல்லாததால் நீதிமன்றம்வரை போன வழக்கும் உண்டு. ஆஸ்திரேலியாவில் வீட்டு முகவர் ஒருவர், முன்னாள் முதலாளி தம் எம்ப்ளாயீஸ் ஓய்வுக்கால நிதியைக் கட்டவில்லை என்று ஃபேஸ்புக்கில் எழுதினார். அங்குள்ள அந்த நிதி நம் மத்திய சேமநிதி போன்றது. குறி போடவில்லை. தாம் சொல்ல வந்தது ஓர் ஊழியரைப் பற்றி மட்டும், அதாவது தம்மைப் பற்றி என்றார். குறி இல்லாததால் பல ஊழியர்கள் என்று படிக்க இடமிருந்தது. ஒருவருக்குக் கட்டவில்லை என்றால் அது ஏதோ தவறிப்போனது என்று கொள்ளலாம், பலருக்கு என்றால் வேண்டுமென்றே செய்வதுபோல ஆகிவிடுகிறதே. 2021 அக்டோபரில் நியூ சவுத் வேல்ஸ் மாவட்ட நீதிமன்றம் அந்த அவதூறு வழக்கைத் தள்ளுபடி செய்ய மறுத்து, மேலே நடக்க அனுமதித்தது.

இன்னொரு தவறு பலகைகளில் அதிகம். எஸ் என்று கண்டாலே குறி போடுவது. பழம், காய்கறி விலைப்பலகைகளில் ஆப்பிள்’ஸ், பொட்டேட்டோ’ஸ். வெறும் பன்மைக்குக் குறி வேண்டாம். ஆப்பிள்ஸ் என்றால் ஆப்பிள்கள், அவ்வளவுதான். யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். ஆப்பிளுக்குச் சொந்தமாக அங்கே எதுவும் இல்லை. இங்கிலாந்தில் இதைக் காய்கறிக்காரர் குறி என்றே பெயர் வைத்துச் சொல்கிறார்கள்.

அந்த நாட்டில் ஜான் ரிச்சர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பத்திரிகையாளர் 2001இல் இந்தக் குறியைக் காப்பாற்றவென்றே ஒரு சங்கம் தொடங்கினார். கடைகளுக்கும் நூலகங்களுக்கும் பணிவாகக் கடிதம் எழுதித் தவற்றைச் சுட்டிக்காட்டினார். 2019இல், தம் 96ஆம் வயதில், அறியாமையும் சோம்பலும் வென்றுவிட்டன என்று சொல்லிச் சங்கத்தை மூடினார். அந்தப் பெரியவரின் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் சோம்பல் என்ற சொல்லை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. என் அப்பா சோம்பேறி இல்லை. வெயிலில் ஏணிமேல் நின்று ஒரு மேல் கமாவின் வாலை மூன்று தடவை அழித்து எழுதியவர். அதன் தலை உருண்டையாக இருக்க வேண்டும், வால் இடப்பக்கம் வளைய வேண்டும், 9 போல இருக்க வேண்டும், 6 போல ஆகிவிடக் கூடாது என்று சொல்வார். இன்றைய கைப்பேசிகள் சொல்லின் தொடக்கத்தில் அதை 6 போலத் திருப்பிப் போடும்போது எனக்கு அவர் விரல்தான் ஞாபகம் வரும். அவருக்குக் குறையாக இருந்தது ஒரே ஒரு கேள்வி. அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் வந்ததும் அப்புறம் அவர் தவறவே இல்லை.

குறியே வேண்டாம், எடுத்துவிடலாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா டோன்ட், வோன்ட் போன்ற சொற்களைக் குறி இல்லாமலேயே எழுதினார். ஆனால் ஐ’ல் போன்ற சில சொற்களில் மட்டும் விடாமல் போட்டார். போடாவிட்டால் ஐ’ல் என்பது நோயுற்ற என்று பொருள்படும் வேறு சொல்லாகிவிடும். அவ்வளவு உறுதியாக எதிர்த்தவரும் தேவைப்பட்ட இடத்தில் அதைக் கைவிடவில்லை. கைப்பேசிக் குறுஞ்செய்தியில் என் மகளும் அவள் தோழிகளும் குறி போடுவதில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை, அது பேச்சு மாதிரி. ஒருவருடைய சம்பளமோ விடுப்போ வீடோ எழுத்தைச் சார்ந்திருக்கும்போது போட்டே ஆக வேண்டும்.

1990களில் கணினியில் வெட்டும் வினைல் எழுத்து வந்ததும் அப்பாவுக்கு வேலை குறைந்தது. பட்டறையை மூடினார். இப்போது அவருக்கு 80 தாண்டிவிட்டது. போன வருடம் தெற்குத் தீவுகளுக்குப் போகலாம் என்று மகள் ஆசைப்பட்டாள். மெரினா சவுத் படகுத்துறையிலிருந்து கிளம்பினோம், அப்பாவும் வந்தார். அக்கா தங்கை இருவர் கடலில் மூழ்கித் தீவுகளாக எழுந்தார்கள் என்று மலாய்க்காரர்களிடம் ஒரு பழங்கதை இருக்கிறது. இரண்டு தீவுகளையும் சேர்த்துச் சிஸ்டர்ஸ்’ ஐலன்ட்ஸ் என்கிறார்கள். பெரிய தீவை மட்டும் சொன்னால் பிக் சிஸ்டர்’ஸ் ஐலன்ட். 2024இல் அதைப் புதுப்பித்துத் திறந்தார்கள்.

இறங்கியதும் அப்பா பெயர்ப்பலகை முன்னால் நின்றுவிட்டார். நாங்கள் கொஞ்சதூரம் போய்த் திரும்பிப் பார்த்தோம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலைத் தூக்கிப் பலகையின் ஒரு பக்கத்தை மறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பேத்தி ஓடிப்போய், “என்ன தாத்தா பாக்கறீங்க?” என்றாள்.

“இந்தத் தீவு அக்கா ஒருத்தியோடதுதானே?”

“ஆமா தாத்தா.”

“அப்ப மேல் கமா சரியாத்தான் இருக்கு” என்று விரலை இறக்கினார். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, “வாலுதான் குட்டை” என்றார்.